அட்டெண்டர் ரூட், பேஷண்ட் கோஆப்பரேடிவ்

வார்டில் ஒருவர் நம்மிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் அதைச் சொல்ல நம் கைவசம் இருப்பவை ஐந்தாறு இங்கிலீஷ் வார்த்தைகள்தான். ரூட். அப்யூசிவ். அக்ரெஸிவ். அரகண்ட். நான்-கோஆப்பரேடிவ். போனால் போகிறதென்று ஒரு மிஸ்பிஹேவ்டு. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரின்டென்டன்டாக வெளியே வருகிறவரை இந்த வார்த்தைகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் காலேஜில் நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். இந்த வார்த்தைகளை மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதி, சீனியர் சொன்னதைக் கேட்டுச் சொல்லி, ஜலதோஷம் மாதிரி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கொள்பவை இவை.

வீட்டில் நாம் இப்படியா பேசுகிறோம்? டியூட்டி முடிந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஏறுகிறேன். கண்டக்டர் சில்லறைக்காக நாலு வார்த்தை பேசிவிடுகிறார். வீட்டில் போய் என்ன சொல்வேன்? எரிந்து விழுந்தார் என்பேன். இல்லாவிட்டால் எடுத்தெறிந்து பேசினார் என்பேன், முகத்தில் அடித்த மாதிரி சொன்னார் என்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஜாடை பேசினாள், கொழுந்தனார் குத்திக் காட்டினார், மாமியார் கரித்துக் கொட்டினார், மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இவை எல்லாம் ஒன்றா? கரித்துக் கொட்டுகிறவருக்கு நம்மிடம் உரிமை இருக்கிறது. ஜாடை பேசுகிறவளுக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது. எரிந்து விழுகிறவர் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும். இத்தனையும் தெரிந்த நாம், யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ரூட் என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயாளிக்குத் துணையாக இருக்கிற வீட்டு ஆளைத்தான் நாம் அட்டெண்டர் என்கிறோம். காரில் வந்து இறங்கி, இங்கிலீஷில் கேள்வி கேட்டு, நம் மேஜையைத் தட்டுகிற அட்டெண்டர் நமக்கு ஆங்ஷியஸ். பாவம், பதற்றமாக இருக்கிறாராம். களத்து மேட்டிலிருந்து லுங்கியோடு ஓடி வந்து அதே கேள்வியைத் தமிழில் உரக்கக் கேட்கிறவர் அக்ரெஸிவ். இதை நாம் தெரிந்து செய்வதில்லை. செய்கிறோம் என்பது மட்டும் உண்மை. நம்மில் பாதிப் பேர் அந்தக் களத்து மேட்டு வீடுகளிலிருந்து படித்து வந்தவர்கள்தான் என்பது அதைவிட வேடிக்கை.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டுக்கு ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்கே பிடிக்காது. என்னோடு சேர்ந்த ஒரு பெண், மாத்திரையைத் துப்பித் துப்பிப் போட்ட ஒரு பெரியவரைப் பற்றி 'அரகண்ட் பேஷண்ட்' என்று எழுதி வைத்திருந்தாள். சிஸ்டர் அவளைக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"அரகண்டுன்னு எழுதி வச்சிக்கீறியே, டாக்டர் வந்து படிச்சா இதுக்கு இன்னா மருந்து எழுதுவாரு?" என்றார்.

அவள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள்.

"துப்புறாருன்னு எழுதியிருந்தன்னா வாயைத் தெறந்து பாப்பாரு இல்ல?"

திறந்து பார்த்தார்கள். உள்கன்னம் முழுக்கப் புண். தண்ணீர் பட்டாலே எரிந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் யாரைப் பற்றியாவது ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போது, இதற்கு என்ன மருந்து என்று எனக்குள் ஒரு கேள்வி வரும். மருந்து இல்லாத வார்த்தையை விழுங்கிவிடுவேன்.

உடனே, யார் எப்படிப் பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காஷுவாலிட்டியில் ஒருமுறை ஓர் அட்டெண்டர், ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஊரில் கொஞ்சம் செல்வாக்கான ஆள். நிர்வாகத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து, அட்டெண்டர் மிஸ்பிஹேவ்டு என்று எழுதினால் போதும் என்றார். வரிசையில் முந்தினாலும் மிஸ்பிஹேவ்டு, செருப்போடு உள்ளே வந்தாலும் மிஸ்பிஹேவ்டு. அந்த வார்த்தையை எழுதினால் அந்தப் பெண் வாங்கிய அறை எங்கே போகும்? "கையை ஓங்கி எடது கன்னத்துல அறைஞ்சாருன்னு எழுதுங்க சார். அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றேன். "ஏம்மா பேஜாரு பண்றீங்க" என்றார். பேஜாருதான், என்ன செய்வது. அப்படியே எழுதினோம், போலீஸுக்கும் அதே வரிதான் போனது. கன்னத்தில் விரல் தடம் மறைவதற்குள் அவளுக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்கிற டியூட்டியும், காஷுவாலிட்டி வாசலுக்குக் காவலாக ஒரு ஆளும் கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கிற ஒரு ஹோட்டலில் செல்வி என்ற பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். லாரிகள் வந்து வந்து நிற்கிற இடம். என்ஜின் சத்தத்துக்கு மேலே 'ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட்' என்று கத்திக் கத்தி அவள் தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. ரகசியம் பேசினாலும் மாடிப்படி வரை கேட்கும். அவளுடைய தம்பி பொண்டாட்டி வெண்ணிலாவுக்கு எங்கள் மருத்துவமனையில் சிசேரியன் ஆகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வெண்ணிலாவுக்குத் தாய் இல்லை. புருஷனுக்கு அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம், கூலி வேலை. குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு, நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையை விட முடியாமல் ஊருக்குப் போய்விட்டான். துணைக்கு இருந்தது நாத்தனார் செல்வி.

நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்து சேர்ந்ததிலிருந்து ஓயாத சண்டை. கஞ்சி சூடாக இருந்தால் சண்டை, ஆறிப்போனால் சண்டை, தலையை இறுக்கிப் பின்னினால் சண்டை. வலி எடுத்துத் துடிக்கிற நேரத்தில், "அந்தாண்ட போய் நில்லுக்கா, உன் மூஞ்சியைப் பாத்தா இன்னும் வலிக்குது" என்று வெண்ணிலா சொன்னதும் லேபர் வார்டே சிரித்திருக்கிறது. செல்வியும் விடவில்லை. "வலிக்கட்டும், உன்னை எங்க தம்பி தலையில கட்டிட்டு நாங்க படற வலி எங்களுக்குத்தான் தெரியும்" என்றாளாம். லேபர் வார்டில் சிரித்த ஸ்டாஃப் வேறு, ஆபரேஷனுக்குப் பிறகு வெண்ணிலாவைப் பார்த்துக்கொண்ட வார்டு ஸ்டாஃப் வேறு. அந்தச் சிரிப்பை யாரும் இந்த வார்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்ப அதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லையே.

நம் வேலையில் 'ஓவர்' கொடுப்பது ஒரு பழக்கம். டியூட்டி முடித்துப் போகிறவள், வருகிறவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போய் நின்று, இவருக்கு இது, இவருக்கு அது என்று ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆபரேஷன் ஆன மறுநாள் காலை, இரவு டியூட்டிக்காரி ஓவர் கொடுத்தபோது, அட்டெண்டர் அதிகமாகக் கேள்வி கேட்கிறார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டுக்கொண்டவள் கீர்த்தனா. கோலியனூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல கை, நல்ல மனசு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு, செல்வி கிட்டே வந்தாலே அவள் முகம் தானாக இறுகியிருக்கிறது.

காலை முழுக்க செல்வி வந்து வந்து கூப்பிட்டிருக்கிறாள். கீர்த்தனா போகாமல் இல்லை. முதல் இரண்டு முறை போனாள். பிரஷர் சரியாக இருந்தது, தையலில் ஈரம் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் சிஸ்டர் என்று வெண்ணிலா சொன்னாள். பேஷண்ட் கோஆப்பரேடிவ் என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த முறை செல்வி கூப்பிட்டபோது வேறு படுக்கையில் வேலை. அதற்கும் அடுத்த முறை செல்வி கூப்பிடவில்லை, கத்தினாள். அட்டெண்டர் ரூட். டியூட்டி டாக்டர் போனில் கேட்டபோது, பேஷண்ட் கம்ஃபர்டபிளாக இருக்கிறார், அட்டெண்டர்தான் ரூடாக இருக்கிறார் என்று பதில் போயிற்று. அவரும் சரி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு செல்வி வாய்க்கு வந்ததைப் பேச, அப்யூசிவ் ஆனாள். மதிய டியூட்டிக்காரி வந்தபோது அக்ரெஸிவ் ஆகியிருந்தாள். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதை எங்கள் வார்டு அரை நாளில் செய்து முடித்தது.

அன்று மதியம் நடந்த தப்பு இதுதான். செல்வி நிற்கிற இடத்துக்குப் போக யாருக்கும் மனசில்லை. அதனால் வெண்ணிலாவுக்கு மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் ஓவர் கொடுக்காமல், கவுன்டரில் நின்றபடியே கொடுத்துவிட்டார்கள். பேஷண்ட் கோஆப்பரேடிவ், அட்டெண்டர் அக்ரெஸிவ், செக்யூரிட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. மூன்று வாக்கியத்தில் ஒரு உயிரைக் கைமாற்றியாகிவிட்டது.

சூப்பரின்டென்டன்டாக நான் ரவுண்ட்ஸ் வந்தது அந்த நேரத்தில். வார்டு வாசலில் கூட்டம். செக்யூரிட்டி செல்வியின் முழங்கையைப் பிடித்திருந்தார். அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள். சுற்றிலும் இருந்த மற்ற அட்டெண்டர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மானேஜர் வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

"மேடம், மொதல்ல இந்தம்மாவைக் கீழ அனுப்பிடலாம். அப்புறம் எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். வீடியோ வெளிய போச்சுன்னா நம்ம பேரு கெட்டுடும்."

ஸ்டாஃப் பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து நின்றார்கள். அதில் ஒருத்தி, "அந்தம்மா மன்னிப்பு கேக்கலைன்னா நாங்க யாரும் வார்டுக்குள்ள போக மாட்டோம் மேடம். கீர்த்தனா அழுதுக்கினு இருக்கா" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். என் பிள்ளைகளுக்குப் பரிந்து நான் முதலில் அந்த அட்டெண்டரிடம் பேச வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பேசாவிட்டால் அவர்களைக் கைவிட்டேன் என்றாகும். நாளைக்கு எவளும் என்னை நம்ப மாட்டாள். நானும் அவர்கள் பக்கம்தான். அழுகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கும் கோபம் வராதா? ஆனால் அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் செல்வியைப் பற்றியே பேசினார்கள். படுத்திருந்தவளைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அது எனக்கு உறுத்தியது.

டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போனேன். கீர்த்தனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப அப்யூசிவா பேசிட்டாங்க மேடம்."

"அது எனக்கு வேணாம். அவங்க சொன்னதை அப்படியே சொல்லு."

சொன்னாள். "'நீயெல்லாம் ஒரு பொம்பளையா, உன் கையில குடுத்தா நாய்கூடப் பொழைக்காது'ன்னாங்க மேடம். எங்கம்மாவையும் சேத்துப் பேசினாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்ல மேடம். சும்மா ஒண்ணையே சொல்லிக்கினு இருந்தாங்க."

"எதை?"

"'அவ காலையிலேர்ந்து என்னை ஒரு வார்த்தை திட்டல, வந்து பாரு, வந்து பாரு'ன்னு. திட்டலைன்னு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்களா மேடம்?"

அவளை அங்கேயே விட்டுவிட்டு நேராக வார்டுக்குள் நடந்தேன். வாசலில் நின்ற மானேஜர் என்னவோ சொன்னார், காதில் வாங்கவில்லை.

வெண்ணிலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் மெல்லத் திரும்பினாள்.

"வாங்க மேடம். சாப்டீங்களா?" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா இருக்குது?"

"நல்லா இருக்கேங்க. எங்க நாத்தனாரு சத்தம் போட்டுட்டாங்களா? மன்னிச்சிக்கோங்க மேடம். ரொம்ப நல்லவங்க அவங்க."

ரொம்ப நல்லவங்களாம். நாத்தனாரைப் பற்றி, உடம்பு சரியாக இருக்கிற எந்தப் பெண்ணாவது கேட்காமலே அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கையைப் பிடித்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவள் கை ஐஸாக இருந்தது, பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. நாடி ஓட்டமாக ஓடியது. உதட்டில் நிறம் இல்லை. போர்வை கழுத்துவரை இருந்ததால், வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அமைதியாகப் படுத்திருக்கிற நல்ல பேஷண்ட்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த ஓட்டம்தான், விவரிக்கப் போவதில்லை. வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, வெளியே ஒரு சொட்டுத் தெரியவில்லை. காலையில் சரியாக இருந்த பிரஷர் அப்போது இறங்கிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பி கார் கதவைத் திறந்த டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டோம். மன்னிப்பு கேட்டால்தான் உள்ளே வருவோம் என்று நின்ற பிள்ளைகள், நான் ஒரு குரல் கொடுத்ததும் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவள் கீர்த்தனா. முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சம்மதக் கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை. புருஷனிடம் போனில் சொல்லிவிட்டு, செல்வியைக் கூப்பிட்டோம். டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முன்பு அவள் முழங்கையைப் பிடித்து இழுத்த செக்யூரிட்டியே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் எழுந்து உட்காரவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனார்.

நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "நீங்க சொன்னதுதான் சரிம்மா. நாங்க முன்னாடியே பாத்திருக்கணும்" என்றேன்.

"சரியா தப்பான்னு எனக்கு இன்னா தெரியும்ங்க. இன்னா வியாதின்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னதுக்கெல்லாம் அவ சரிக்கா, சரிக்கான்னா. எனக்குப் பயம் வந்துடுச்சு. பயம் வந்தா எனக்கு வாய் நிக்காதுங்க."

குழந்தையின் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணை அவங்கம்மாவைச் சேத்துப் பேசியிருக்கக் கூடாது. போய்ச் சொல்லட்டா?" என்றாள்.

"இப்ப வேணாம். கொழந்தையைப் பாருங்க" என்றேன்.

அவள் பேசியது தப்புதான். அதை நான் மறைக்கவில்லை. தாயைச் சேர்த்துப் பேசினால் யாருக்கும் வலிக்கும். கீர்த்தனா அழுதது நடிப்பு இல்லை. செல்வியை ரூட் என்று எழுதியதும் பொய் இல்லை. எனக்கு இன்றுவரை மனசில் நிற்பது அதுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தும் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பாள். நல்ல வார்த்தை அதைவிட மோசம். ரூட் என்றாலாவது ஒருத்தர் போய் என்ன ஏது என்று கேட்பார். கோஆப்பரேடிவ் என்று எழுதிய படுக்கைப் பக்கம் யார் போகிறார்கள்?

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒன்றைக் கண்டிப்பாக்கினேன். அட்டெண்டர் தலைகீழாக நின்று கத்தினாலும் ஓவர் படுக்கைக்குப் பக்கத்தில்தான். கத்தினார் என்றால் என்ன சொல்லிக் கத்தினார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி. முதலில் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருந்தது. காது கூசுகிற வசனங்களை வெள்ளை யூனிஃபார்மில் நின்றுகொண்டு ஒப்பிப்பது லேசான காரியமா? இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். போகப்போகப் பழகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், வெட்கத்தால் யாரும் செத்ததில்லை.

வெண்ணிலா பிழைத்தாளா என்று கேட்கிறீர்கள். தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு வந்தாள். ராத்திரி முழுக்க எதுவும் சொல்ல முடியாத நிலை. டாக்டர் என்னிடம் பொறுத்திருந்து பார்ப்போம் என்றுதான் சொன்னார், நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் வந்து சேர்ந்தான், சுவரோரமாகக் குந்திக்கொண்டு தலையைக் கவிழ்த்துவிட்டான். மறுநாள் காலையில் வெண்ணிலா கண் விழித்தாள். பேச்சு தெளிவாக இல்லை. ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். புருஷன் தயங்கினான். செல்வி போனாள்.

நான் என் அறையில் இருந்தேன். கீர்த்தனா அன்றைக்குக் காலை டியூட்டி, அவளே கேட்டு ஐ.சி.யூ.வுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவருகே வந்து நின்றாள்.

"மேடம், அந்தக்கா வெளிய வந்து நின்னு அழுதுக்கினு இருக்காங்க."

எழுந்துவிட்டேன். "ஏன், இன்னா ஆச்சு?"

"இல்ல மேடம், பயப்படாதீங்க. நானும் அப்படித்தான் பயந்துட்டு கேட்டேன். உள்ள போன ஜோருக்கு இவங்க ஆரம்பிச்சிட்டாங்க போல. ஏன் இப்படிப் பண்ண, ஊரையே கதிகலங்க வச்சிட்டியே, உங்கப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றதுன்னு பொலம்பிக்கினே இருந்திருக்காங்க. வெண்ணிலா கண்ணை மூடிக்கினே, 'வாயை மூடிக்கினு சும்மா இருக்கியா, தலை வலிக்குது. உன்னை யாரு உள்ள வுட்டது'ன்னுட்டாங்களாம்."

"அதுக்கா அழறாங்க?"

"ஆமா மேடம். அதைச் சொல்லிச் சொல்லி அழறாங்க. என் கையைப் புடிச்சிக்கினு, 'திட்டிட்டாம்மா, திட்டிட்டா'ன்றாங்க."

கீர்த்தனா அதைச் சொல்லிவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

மதியம் ஓவர் நேரத்தில் நான் ஐ.சி.யூ. பக்கம் போனேன். வெண்ணிலாவின் படுக்கைக்குப் பக்கத்தில் கீர்த்தனா நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே, டியூட்டிக்கு வந்தவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீர்த்தனா பிரஷர் சொன்னாள், டிரிப் சொன்னாள், ஏற்றிய ரத்தம் சொன்னாள். பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"காலையில அவங்க நாத்தனாரை வாயை மூடச் சொன்னாங்க. உன்னை யாரு உள்ள வுட்டதுன்னு கேட்டாங்க. நல்லா இருக்காங்க."